நின்று எரியும் அடுப்பு: திருகோணமலைக் குசினிக்கு எது பொருந்தும்?

விறகடுப்பைப் பற்றி எல்லா வீட்டிலும் ஒரே முறைப்பாடுதான்: நின்று எரியுதில்லை. பிட்டு அவிந்து முடிவதற்குள் மூன்று தரம் குனிந்து ஊத வேண்டியிருக்கிறது. சோறு கொதிக்கும்போது சுவாலை பானையின் கழுத்தைத் தொடுகிறது, கறிக்கு வரும்போது புகை மட்டும்தான் மிச்சம். 2022இல் எரிவாயு இல்லாமல் போனபோது திருகோணமலை நகரத்துக்குள்ளும் பல வீடுகளுக்கு விறகு திரும்பி வந்தது. வந்த விறகு இன்னும் போகவில்லை. அதனால் இப்போது பலர் கேட்கும் கேள்வி: மூன்று கல்லை விட்டுவிட்டு எந்த அடுப்புக்குப் போவது?

அனகி என்ற மண் அடுப்பு, மரத்தூளை இடித்து நிரப்பி எரிக்கும் தூள் அடுப்பு, செங்கல்லில் கட்டும் ரொக்கெட் அடுப்பு, விசிறி பூட்டிய அடுப்பு என்று நான்கு வழிகள் இருக்கின்றன. நாலுக்கும் நாலு குணம். ஆனால் ஈர விறகோடு எந்த அடுப்புக்குப் போனாலும் பணம் வீண். ஆகவே முதலில் விறகு, பிறகு அடுப்பு.

விறகுக்குள் இருக்கும் தண்ணீர்

புதிதாக வெட்டிய விறகில் நிறையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். ஒரு கிலோ பச்சை விறகு என்றால் அரைக் கிலோ மரம், அரைக் கிலோ தண்ணீர். அந்த மரம் எரிந்து 9 மெகாயூல் அளவு வெப்பம் தரும். அதில் 1.3 மெகாயூல் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகிவிடும். கையில் மிஞ்சுவது 8 மெகாயூல். ஈரம் 20 வீதத்துக்கு இறங்கிய விறகு அதே ஒரு கிலோவுக்கு 14 மெகாயூல் தரும். கணக்கில் தெரியாத நட்டம் ஒன்றும் உண்டு: ஆவி கிளம்பும்போது அடுப்பின் உட்புறம் குளிர்ந்துபோகிறது, மரத்திலிருந்து வரும் வாயு பற்றாமல் புகையாக வெளியேறுகிறது. கண்ணை எரிக்கும் அந்தப் புகை, எரிய வேண்டிய விறகில் ஒரு பங்கு.

உலர்த்துவதற்குத் திருகோணமலைக்குக் கிடைத்த வரம் கச்சான் காற்று. மே தொடங்கி செப்ரெம்பர் வரை தென்மேற்கிலிருந்து வரும் அந்தச் சூட்டுக் காற்று, கொத்தி அடுக்கிய விறகை இரண்டு மூன்று மாதத்தில் எரிக்கும் பதத்துக்குக் கொண்டுவந்துவிடும். கொத்தி அடுக்கிய விறகை என்று சொன்னதைக் கவனியுங்கள். முழுக்கட்டையாகக் கிடந்தால் பட்டை ஈரத்தை உள்ளே பூட்டி வைத்துக்கொள்ளும். ஒரு வருடம் போனாலும் நடுவில் ஈரம் இருக்கும். ஒன்றரை முதல் மூன்று அங்குலத் தடிப்பில், ஒன்றரை அடி நீளத்தில் கொத்த வேண்டும். நிலத்திலிருந்து அரை அடியாவது உயர்த்தி, இரண்டு தென்னங்குற்றிகளுக்கு மேல், காற்று ஊடே போகும்படி அடுக்க வேண்டும். தகரம் தலைக்கு மட்டும் போதும். நான்கு பக்கமும் பொலித்தீனால் சுற்றி மூடுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் பிழை. உள்ளே வேர்த்து, பூஞ்சணம் பிடித்து, விறகு நாறும்.

காய்ந்துவிட்டதா என்று எப்படி அறிவது? இரண்டு கொள்ளிகளை ஒன்றோடொன்று தட்டினால் ‘டக்’ என்று கணீரென்ற சத்தம் வர வேண்டும். ஈர விறகு மந்தமாக ஒலிக்கும். நுனியில் நட்சத்திரம் போல வெடிப்பு ஓடியிருக்க வேண்டும். இன்னும் திடமான வழி தராசு. அடுக்கும்போதே ஒரு கொள்ளியில் அடையாளம் போட்டு நிறுத்து எழுதி வையுங்கள். வாரம் ஒருமுறை நிறுங்கள். ஒரு கிலோவாக இருந்த பச்சைக்கொள்ளி 600 கிராம் அளவுக்கு இறங்கி, அடுத்த இரண்டு வாரமும் அசையாமல் நின்றால் அடுக்கு முழுவதும் தயார்.

மரத்தின் சாதியும் முக்கியம். பாலை, வீரை, புளி, விடத்தல் போன்ற கனத்த மரங்கள் மெதுவாக எரிந்து கெட்டியான தணல் போடும். முருங்கை, முள்முருக்கு போன்ற மென்மரங்கள் குபீரென்று எரிந்து சாம்பலாகும். பற்றவைக்க மட்டும் உதவும். காட்டிலே பாலையையும் முதிரையையும் அனுமதியில்லாமல் வெட்டுவது சட்டப்படி குற்றம், அந்த வழியை நினைக்கவே வேண்டாம். வீட்டுக்காரருக்குக் கட்டுப்படியாவது வேலியில் நிற்கும் கிளிசரியா. வெட்ட வெட்டத் தளிர்க்கும், மணிக்கட்டுத் தடிப்பில் நேரான கொப்புகள் தரும், காய்ந்தால் நன்றாகத் தணல் பிடிக்கும். வேம்பும் பூவரசும் நடுத்தரம். சிரட்டை கடுஞ்சூடு, ஆனால் சீக்கிரம் முடிந்துவிடும், ஊமலும் அப்படியே. பொச்சு நேர்மாறு: சுவாலை குறைவு, கனன்றுகொண்டே கிடக்கும், புகையும் அதிகம்.

கரையோரத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. கடலில் ஊறி ஒதுங்கிய மரத்தையும் பழைய வள்ளத்துப் பலகையையும் அடுப்பில் வைக்க வேண்டாம். உப்பு ஊறிய மரம் எரியும்போது வரும் வாயு இரும்பை அரிக்கும், நெஞ்சுக்கும் கூடாது. வள்ளத்துப் பலகையில் நிறப்பூச்சும் பிசினும் இருக்கும். பைபர் துண்டு என்றால் கிட்டவே கொண்டுவரக் கூடாது.

காற்றை அடைத்தால் நின்று எரியுமா?

குளிர் நாடுகளில் வீட்டைச் சூடாக்கும் இரும்பு அடுப்புக்கு இறுக்கமான கதவு உண்டு. பெரிய கட்டைகளைப் போட்டு, காற்றுவழியைக் குறைத்து, இரவு முழுவதும் எரிய விடுவார்கள். அதைக் கேள்விப்பட்டு நம்முடைய அடுப்பு வாயையும் கல் வைத்து அடைப்பவர்கள் இருக்கிறார்கள். இங்கே அது பலிக்காது. நம் அடுப்பு மேலும் கீழும் திறந்தது. வாயை அடைத்தால் தீ மெதுவாகாது, திணறும். விறகு அதே வேகத்தில் கருகும், வெப்பம் மட்டும் புகையாகப் போய்விடும். திறந்த அடுப்பில் தீயின் அளவைத் தீர்மானிப்பது உள்ளே எவ்வளவு விறகு, எந்தத் தடிப்பில் இருக்கிறது என்பதுதான். காற்றைக் கட்டுப்படுத்தி நேரத்தை நீட்டக்கூடிய அடுப்பு நம்மிடம் ஒன்றே ஒன்று. அது தூள் அடுப்பு. ஏன் என்பது அதனிடம் வரும்போது தெரியும்.

அனகி: தினச் சமையலுக்கு முதல் தெரிவு

1980களில் இலங்கையிலேயே உருவாகிய மண் அடுப்பு இது. ஒரு வாய், இரண்டு துளை, நடுவே ஒரு சுரங்கம். முன் துளையில் நல்ல கொதி, பின் துளையில் மெல்லிய சூடு. முன்னால் சோறு, பின்னால் பருப்பு என்று நம் சமையலுக்கு ஒத்துப்போகிறது. முறையாகப் பதித்து வைத்தால் மூன்று கல்லைவிட ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு விறகு மிச்சம்.

முறையாகப் பதிப்பது என்றால் சுற்றி மண் பூசுவது. பலர் வாங்கிவந்து அப்படியே மேடையில் வைத்து எரிக்கிறார்கள். மெல்லிய சுட்ட மண் சுவர் வெப்பத்தை வெளியே விட்டுவிடும், சில மாதத்தில் வாய்ப்பக்கம் வெடிக்கும். இரண்டு பங்கு புற்றுமண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு சாணம், அதோடு நறுக்கிய வைக்கோல் இரண்டு மூன்று கைபிடி. பிசைந்து ஒரு இரவு ஊறவிட்டு, சுற்றிலும் இரண்டரை அங்குலத் தடிப்பில் பூசுங்கள். ஒரு வாரம் நிழலில் காய வேண்டும். பிறகு இரண்டு நாள் சுள்ளித் தீ மட்டும். முதல் நாளே பெருந்தீ போட்டால் பூச்சு ஓடு போலக் கழன்று வரும்.

இனி எரிக்கும் முறை. வித்தியாசம் தெரிவது இங்கேதான். இரண்டரை முதல் மூன்று அங்குலத் தடிப்பான ஒரு கொள்ளியை அடியில் ஒரு பக்கமாக வையுங்கள். அதற்குப் பக்கத்தில் பெருவிரல் தடிப்பில் இரண்டு. மெல்லியவை சுவாலை தரும், தடித்தது தணல் தரும். மெல்லியது முடியும்போது அடுத்ததைப் பற்றவைக்க அந்தத் தணல் இருக்கும், ஊத வேண்டியதில்லை. வாய்க்குக் குறுக்கே ஒரு ஓட்டுத்துண்டை வைத்து, அதன்மேல் கொள்ளிகளைக் கிடத்துங்கள். கொள்ளி அரை அங்குலம் உயர்ந்து நிற்கும். காற்று அடியால் போய்த் தணலில் முட்டி, சூடாகிச் சுவாலைக்கு ஏறும். வாயில் மூன்றிலொரு பங்காவது எப்போதும் திறந்திருக்க வேண்டும். ஐந்து முதல் எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை கொள்ளியை ஒரு அங்குலம் உள்ளே தள்ளினால் போதும். நாலைந்து கொள்ளியை ஒரேயடியாகத் திணித்தால் எல்லாம் ஒருமிக்கப் புகைந்து, ஒருமிக்கப் பற்றி, ஒருமிக்க முடிந்துபோகும். ஏற்ற இறக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

பின் துளை சூடாகவில்லை என்று சொல்லும் வீடுகளில் சுரங்கத்தைப் பார்க்க வேண்டும். சாம்பல் அடைத்திருக்கும், அல்லது பூசியபோது மண் உள்ளே இறங்கியிருக்கும். வாரம் ஒருதரம் ஈர்க்குக் கட்டால் துடையுங்கள். பானை துளையோடு ஒட்டி உட்கார்ந்தாலும் புகை வாய்வழியாகத் திரும்பும். பானைக்கும் விளிம்புக்கும் இடையில் அரை அங்குலம் விடும்படி மூன்று குமிழ்கள் இருக்க வேண்டும். பின் துளையில் வேலை இல்லையென்றால் திறந்து விடாதீர்கள். கேத்திலில் தண்ணீர் வைத்துவிடுங்கள், தேத்தண்ணிக்கு ஆகும்.

தூள் அடுப்பு: மணிக்கணக்கில் கை படாமல்

நீண்டநேரம் என்பது மட்டும்தான் உங்கள் தேவை என்றால் இதற்கு நிகர் இல்லை. நெல் அவிக்கிறவர்கள், கடலை அவித்து விற்பவர்கள், மாட்டுக்குத் தீன் காய்ச்சுபவர்கள், எந்நேரமும் வெந்நீர் வேண்டிய தேத்தண்ணிக் கடைக்காரர்கள் இதைத்தான் பார்க்க வேண்டும். மரக்காலைத் தூளும், தம்பலகாமத்து ஆலைகளின் உமியும் எரிபொருள்.

20 லீற்றர் தகரம் ஒன்றை எடுத்து, அடியை ஒட்டிப் பக்கவாட்டில் இரண்டு அங்குலத் துளை போடுங்கள். நடுவில் ஒரு கண்ணாடிப் போத்தலை நிறுத்துங்கள். பக்கத் துளைவழியாக இரண்டு அங்குலத் தடியொன்றை நுழைத்துப் போத்தலின் அடியில் முட்டவிடுங்கள். இரண்டு அங்குலம் தூள் போட்டு, உலக்கை நுனியால் சுற்றிச்சுற்றி இடித்து இறுக்க வேண்டும். அடுத்த இரண்டு அங்குலம், மீண்டும் இடி. மேல் விளிம்புக்கு இரண்டு அங்குலம் கீழே வரை இப்படியே. முதலில் தடியைத் திருகி இழுங்கள், பிறகு போத்தலைத் திருகியபடி மெல்ல மேலே தூக்குங்கள். உள்ளே ‘ட’ வடிவத்தில் ஒரு வழி கிடைக்கும். பக்கத் துளையில் காய்ந்த பன்னாடையைச் செருகிப் பற்றவையுங்கள். பெற்றோல் ஊற்றுவது ஆபத்து, ஊற்றவே கூடாது. பத்து நிமிடத்தில் துளையின் உட்சுவர் செம்பருத்தி நிறத்தில் கனலத் தொடங்கும். விளிம்பில் மூன்று கல்லோ கம்பியோ வைத்து ஒரு அங்குலம் உயர்த்திப் பானையை ஏற்றலாம்.

காற்றுக்கு முகம் கொடுப்பது அந்தத் துளையின் உட்சுவர் மட்டுமே. இடித்து இறுக்கிய தூளுக்குள் காற்று நுழையாது. ஆகவே உள்ளிருந்து வெளியே, சுற்றுச் சுற்றாகத்தான் அது எரிய முடியும். நாலு கிலோ தூள் மூன்று நான்கு மணிநேரம் வரும். பக்கத் துளையைத் தகரத் துண்டால் பாதி மறைத்தால் சூடு இறங்கும், நேரம் நீளும். முழுவதும் மறைத்தால் புகையும்.

பிழைப்பது இரண்டு இடங்களில். தூள் இறுக்கம் போதாவிட்டால் ஒரு மணிநேரத்தில் சுவர் இடிந்து துளையை மூடும், பிறகு வெறும் புகை. நடுவில் தூள் போட்டு மீண்டும் நிரப்ப முடியாது. ஆறவிட்டு, கொட்டி, முதலிலிருந்து தொடங்க வேண்டும். இடையூறு இல்லாமல் வேலை நடக்க இரண்டு தகரம் வைத்திருப்பது நல்லது. இரண்டாவது, ஈரத்தூள். சாக்கில் கட்டிய தூள் மாரியில் ஈரம் உறிஞ்சும். பாயில் பரப்பி இரண்டு வெயில் காட்டாமல் நிரப்பக் கூடாது. உமி தனியாக இறுகாது, தூளோடு பாதிக்குப் பாதி கலந்தால் நிற்கும். உமியில் ஐந்திலொரு பங்கு சாம்பல் என்பதால் துளை சாம்பலால் மூடும், இடைக்கிடை கம்பியால் தட்டிவிட வேண்டும். பிளைவூட், பூச்சுப் பலகை, மருந்தடித்த பலகை அறுத்த தூள் வேண்டாம்.

இந்த அடுப்பு முற்றத்துக்கும் திறந்த கொட்டிலுக்கும் உரியது. சுவாலை இல்லாமல் கனலும்போது காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு அதிகமாக வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கதவு சாத்திய அறைக்குள் உயிரையே எடுக்கும். அத்தோடு திருகோணமலை உப்புக்காற்றில் மெல்லிய தகரம் சீக்கிரம் துருப்பிடித்துவிடும். அடி ஓட்டை விழுந்தால் காற்று கண்டபடி ஏறி, கட்டுப்பாடு போய்விடும். தடித்த இரும்புப் பரல் துண்டு கிடைத்தால் அதையே எடுங்கள்.

ரொக்கெட் அடுப்பு, விசிறி அடுப்பு

ரொக்கெட் என்பது ‘ட’ வடிவச் சுடர்வழி. உள்ளளவு நான்கு அங்குலச் சதுரம், நிற்கும் பகுதியின் உயரம் பன்னிரண்டு அங்குலம், விறகு கிடக்க ஒரு தட்டு, தட்டுக்கு அடியால் காற்று. சுற்றிலும் சலித்த சாம்பல் நிரப்பினால் வெப்பம் உள்ளேயே நிற்கும். கனத்த மண்ணைக் கொட்டி நிரப்பினால் முதல் அரை மணிநேரம் அந்த மண்தான் சூட்டைக் குடிக்கும். புகை மிகக் குறைவு, சுவாலை கடுமை. இடியப்பம், பிட்டு, தோசைக்கல் என்று ஒரே சூடு வேண்டிய வேலைக்கு இது அருமை. ஆனால் மெல்லிய, நன்றாகக் காய்ந்த விறகைத்தான் ஏற்கும், பக்கத்தில் ஆள் இருந்து தள்ள வேண்டும். கை படாமல் நின்று எரியும் என்று நம்பிக் கட்டினால் ஏமாற்றம்தான்.

விசிறி பூட்டிய அடுப்பு மேலிருந்து கீழே எரியும். ஒரு தரம் நிரப்பினால் முக்கால் மணிநேரம் அளவு நீலம் கலந்த சீரான சுவாலை. ஒரு அங்குலத் துண்டுகளாக விறகை நறுக்க வேண்டும். தினமும் அந்த வேலைக்கு ஆள் வேண்டும். விசிறிக்கு மின்சாரமும் வேண்டும். 2022இல் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்ததை நினைத்துப் பாருங்கள். மின்கலம் இல்லாத வகையை வாங்காதீர்கள்.

ஆக, நாலைந்து பேர் உள்ள வீட்டுக்கு அனகி. அவியல் வேலையும் முற்றமும் உள்ளவருக்கு அதோடு ஒரு தூள் அடுப்பு. காலையில் இரண்டு மணிநேரம் இடியப்பம் போட்டு விற்பவருக்கு ரொக்கெட். எல்லாவற்றுக்கும் ஒரே அடுப்பைத் தேடுவதைவிட, மலிவான இரண்டு அடுப்பு மேல்.

அடுப்பே இல்லாத ஒரு வழியும் இருக்கிறது. பருப்போ கடலையோ நன்றாகக் கொதித்துப் பத்து நிமிடம் ஆனதும், மூடிய பானையை நான்கு அங்குலம் வைக்கோல் திணித்த பெட்டிக்குள் இறக்கி, மேலேயும் வைக்கோல் தலையணை போட்டு மூடுங்கள். ஊறிய கடலை சில மணிநேரத்தில் வெந்திருக்கும். மூன்று லீற்றருக்குக் குறைந்த பானையில் சூடு நிற்காது. எடுத்ததும் மறுபடி ஒரு கொதி விட்டுப் பரிமாறுங்கள்.

காற்றுத் திசையும் மாரியும்

எந்த அடுப்பானாலும் வாய் தென்மேற்கையோ வடகிழக்கையோ நேரே பார்க்கக் கூடாது. முன்னது கச்சான் வரும் திசை, பின்னது வாடை வரும் திசை. கச்சான் நேரே வாயில் அடித்தால் விறகு இரட்டிப்பு வேகத்தில் போகும், சுவாலை பானையை விட்டுச் சாயும். இடத்தை மாற்ற முடியாவிட்டால் வாயிலிருந்து இரண்டடி தள்ளி, அடுப்பு உயரத்துக்கு ஒரு செங்கல் மறைப்பு கட்டுங்கள்.

சமையல் முடிந்ததும் தடித்த கொள்ளியின் தணலை ஒரு மூலைக்கு ஒதுக்கி, சலித்த சாம்பலால் இரண்டு அங்குலம் மூடினால் மாலைவரை உயிரோடு கிடக்கும். குசினி யன்னல் திறந்திருக்க வேண்டும், அதே அறையில் யாரும் படுக்கக் கூடாது.

ஒக்ரோபரில் மழை விழுவதற்குள் விறகு கூரைக்குள் வந்துவிட வேண்டும். தவறிவிட்டால், அடுப்புக்கு மேலே நாலடி உயரத்தில் கம்பிப் பரண் ஒன்று கட்டி, நாளைக்கும் நாளை மறுநாளைக்கும் உரிய விறகை மட்டும் இடைவெளி விட்டுப் பரப்புங்கள். கிடுகுக் கூரையென்றால் பரணுக்கும் கூரைக்கும் நடுவே ஒரு தகரம் வேண்டும். அடுப்பு வாய்க்கு முன்னால் குவித்துக் காய வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். நடு இரவில் ஒரு தணல் தெறித்தால் அந்தக் குவியல்தான் முதலில் பற்றும்.